மாமனார் கொரியாவுக்குப் போன கதை

பெங்களூரில் உட்கார்ந்து தமிழில் எழுதுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. சொந்தக்காரர்கள் யாரும் படிக்க மாட்டார்கள். காக்ஸ் டவுனில் என் மனைவி வீட்டார் வாய் ஓயாமல் தமிழ் பேசுவார்கள். ஆனால் படித்ததெல்லாம் கன்னடமும் இங்கிலீஷும்தான். மாமனார் சர்ச்சில் பாடும் தமிழ்ப் பாட்டுகளைக்கூடக் கன்னட எழுத்தில்தான் எழுதி வைத்திருப்பார். அந்த தைரியத்தில், பெயரை மட்டும் மாற்றி அவரை அப்படியே என் நாவலில் இறக்கிவிட்டேன். (மீசையைக்கூட மாற்றவில்லை. அவ்வளவு திமிர்.)

விஷயம் தெரியாத மாமா, புத்தகத்தை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்து, பார்ப்பவர்களிடமெல்லாம் "நம்ம மாப்ளே ரைட்டரு" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

அந்த நாவல் கொரிய மொழியில் வெளியாகி, பார்சலும் வந்து சேர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அட்டையில் என் பெயர் எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் அதை நாள் முழுக்கத் தடவிக்கொண்டிருந்தேன். சும்மா இருந்திருக்கலாம். மச்சான் ராபர்ட் பொம்மசந்திராவில் ஒரு கொரியன் கம்பெனியில் வேலை செய்கிறான். "உங்க மேனேஜரை ஞாயித்துக்கிழமை சாப்பிடக் கூட்டிட்டு வா. எல்லார் முன்னாடியும் ஒரு பக்கம் படிக்கட்டும்" என்று நானே வாயைக் கொடுத்தேன். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான்.

பிரியாணி முடிந்ததும் மேனேஜர் கிம் புத்தகத்தை நடுவில் பிரித்தார். படித்தார், சிரித்தார், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடியும் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"சும்னே சிரிச்சா எப்டி? என்னான்னு இங்கிலீஷ்ல சொல்லச் சொல்லுடா" என்றார் மாமா, ராபர்ட்டிடம்.

கிம் விளக்கினார். கதாநாயகனின் மாமனார் சர்ச்சில் பாடுவாராம். அவர் குரலை உயர்த்தினால் வெளியே தெருநாய்களும் சேர்ந்து பாடுமாம். கிறிஸ்துமஸ் நெருங்கினாலே குடும்பத்துக்குக் காய்ச்சல் வந்துவிடுமாம். மீசை வர்ணனைக்கு வந்ததும் கிம் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தார். (அதற்குமேல் படிக்கவில்லை.)

"எத்தினி நாய் மாப்ளே?" என்றார் மாமா.

"கதைக்காக... ரெண்டு மூணு, மாமா."

ஊரெல்லாம் என்னைப் புகழ்ந்த மனிதர். உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அவரோ மாதா பக்கத்திலிருந்த தமிழ்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாளே அ, ஆ தொடங்கினார். ஒரு வருடத்தில் எழுத்துக்கூட்டி முழு நாவலையும் முடித்தார். இன்றும் தெருவில் நாய் குரைத்தால் வீட்டில் யாராவது, "மாமாவுக்கு கோரஸ் ரெடி" என்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவர் அவர்தான். போன வாரம் புது நாவலைத் திருப்பிக் கொடுத்தவர், சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"உங்க அத்தையைப் பத்தி எழுதினது சக்கத்தா இருக்கு மாப்ளே, ரொம்ப ஜோர். ஆனா தயவுசெஞ்சு இதை கொரியாவுக்கு மட்டும் அனுப்பிடாதீங்க."