ஆட்டுக்கறி ஆறுவதற்குள் ஒரு கோட்டை

யாழ்ப்பாணத்து ஆள் ஒருவன் ஐரோப்பாவில் சுற்றுலா போக முடியாது. சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போக முடியும். இடையில் ஆறு, மலை, கோட்டை ஏதாவது வந்தால் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். தொண்ணூறுகளின் நடுவில், விம்பிள்டனில் இருந்து குடும்பத்தோடு ரைன் நதிக்கரைக்குப் புறப்பட்ட எனக்கு இந்த உண்மை தெரிந்திருக்கவில்லை. உலகம் தெரிந்தவன் என்று வேறு என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். (பிரிட்டிஷ் பாஸ்போர்ட் கைக்கு வந்த புதிது. அது வந்த எல்லோரும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நினைப்பார்கள்.)

கோட்டை ஆசை என்னுடையதல்ல, என் மனைவி யசோவுடையது. பழைய சாமான் கடையில் வாங்கிய ஜிக்சோ படம் ஒன்றை மகளோடு சேர்ந்து அடுக்கியபோது வந்த ஆசை. ஆறு, அதற்கு மேலே மலை, மலைமேலே கோட்டை. "இப்பிடி ஒரு கோட்டைக்குள்ள போய், மேல ஏறி நிண்டு ஆத்தைப் பாக்கவேணும்" என்றாள். கல்யாணம் முடித்து லண்டன் வந்த பிறகு அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே விஷயம் அது. பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் மாறி மாறி வேலை செய்த நான், தேனிலவு என்று அவளை எங்கேயும் கூட்டிப்போனதில்லை. ஆகவே பெருந்தன்மையோடு, "ஒண்டென்ன, பத்துக் கோட்டை காட்டுறன்" என்றேன்.

அதோடு நின்றிருக்கலாம். நின்றேனா? ஜேர்மனியில் கொப்ளென்ஸ் நகரில் இருந்த என் மாமிக்கு ரெலிபோன் எடுத்தேன். அவ்வளவு தூரம் போய்ச் சொல்லாமல் வந்தால் மாமி ஆயுள் முழுக்கக் குறை சொல்லுவார் என்ற பயம். "சும்மா தலையைக் காட்டிப்போட்டு வாறம் மாமி" என்றேன். மாமி அதை நாலு பேருக்குச் சொன்னார். அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேருக்குச் சொன்னார்கள். நாங்கள் டோவரில் கப்பல் ஏறுவதற்கு முன்பே ரைன் நதிக்கரை நெடுகக் கோழிகள் உயிர்விடத் தொடங்கிவிட்டன.

கொலோனில் இடியப்பமும் கோழிக்கறியும். பொன் என்ற அடுத்த ஊரில் புட்டும் நண்டும், அதோடு அந்த வீட்டுப் பெண்பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியவீட்டு வீடியோ, முழு நீளம். (ஆராத்தி எடுக்க வந்த ஒவ்வொருவரும் எங்களுக்கு என்ன முறை என்ற விளக்கத்துடன்.) ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டில் கை நனைக்காமல் வந்தால் குடும்பப் பகை. வேண்டாம் என்று சொல்ல எனக்கோ வாய் வராது. நாங்கள் கை கழுவி எழும்பும் நேரத்தில் எங்கோ ஒரு கோட்டையின் கதவை மூடிக்கொண்டிருப்பார்கள். யசோ ஒன்றும் சொல்லவில்லை. அதை நல்ல அறிகுறி என்று எடுத்துக்கொண்டேன்.

கொப்ளென்ஸில் மாமி வீட்டுப் பால்கனியில் நின்றால், காயப்போட்ட உடுப்புகளுக்கு நடுவே உண்மையாகவே ஒரு கோட்டை தெரிந்தது. "மாமி, ஓடிப்போய்ப் பாத்திட்டு வாறம்" என்றேன்.

"கோட்டை எங்க தம்பி ஓடப்போகுது? எத்தினையோ நூறு வருசமா அங்கதானே நிக்குது. ஆட்டுக்கறி ஆறிப்போடும், இரு."

இருந்தோம்.

கடைசி நாள், மாமியின் மகன் குகன் எங்களைக் காப்பாற்ற வந்தான். ஆற்றோரமாகக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு கோட்டையின் சாப்பாட்டுக் கடையில் அவனுக்குச் சமையல் வேலை. "அத்தான், ரிக்கெற் எடுக்காதேங்கோ. பின்பக்கத்தால நான் விடுறன்" என்றான். யசோ அன்றைக்குக் காஞ்சிபுரம் சேலை உடுத்தி வந்திருந்தாள், உச்சியில் நின்று படம் எடுக்க. "முன்பக்கத்தால போவமே" என்று மெதுவாகக் கேட்டாள்.

"இஞ்சேரும், சொந்தக்காரன் உள்ளுக்க இருக்கேக்க நாங்கள் வரிசையில நிக்கிறதோ?" என்றேன்.

பின்பக்கக் கதவு நேரே சமையலறைக்குள் திறந்தது. குகன் உருளைக்கிழங்கு மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல்களைப் போட்டு, முதலாளிக்குத் தெரியாமல் சமைத்துவைத்த கணவாய்க்கறியைத் திறந்தான். "சாப்பிட்டிட்டு மேல போவம் அக்கா." சாப்பிட்டோம். போதும் போதும் என்னும்போதே இன்னும் போட்டான். அப்போது முதலாளியின் குரல் கேட்டது. குகன் முகம் வெளிறி, "கெதியா அத்தான், கெதியா" என்று எங்களைக் குப்பைத் தொட்டிகளின் பக்கமாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினான். முன்வாசலுக்கு ஓடினோம். அங்கே காவலாளி சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார்.

யசோ அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். பட்டுச்சேலையில் கணவாய்க் குழம்பு. எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. அதைச் சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நான் சொன்னது, "எப்பிடியும் கோட்டைக்குள்ள போயிட்டம்தானே." வீடு வரும்வரை அவள் காரின் பின் இருக்கையில் மகளோடு இருந்து வந்தாள்.

சில வருடங்களின் பின், லண்டனுக்குள்ளேயே லூயிஷாமில் ஒரு சிநேகிதி வீட்டில் நின்றுவிட்டு வருவதாகத் தாயும் மகளும் புறப்பட்டுப் போனார்கள். திரும்பி வந்து படங்களை மேசையில் பரப்பினார்கள். ஒன்றில் யசோ ஒரு கோட்டையின் உச்சியில் நின்று சிரிக்கிறாள். கீழே ஆறு வளைந்து போகிறது.

"லூயிஷாமில இதை எப்ப கட்டினவங்கள்?" என்று கேட்டேன்.

"இது ரைன்" என்றாள்.

"எனக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே?"

"உங்களுக்குச் சொன்னா கொப்ளென்ஸில ஆடு அடிப்பினம்."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என்னிடம் மறைக்கவேண்டிய எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வசனம்தான். "அப்பாவுக்குச் சொல்லாதேங்கோ, ஆடு அடிப்பினம்" என்று மகள் குசுகுசுப்பாள், இரண்டு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைப்புமணி கேட்டு, வீட்டில் கட்டும் சாரத்தோடு போய்க் கதவைத் திறந்தேன். பட்டுவேட்டி கட்டிய, முன்பின் தெரியாத ஒருவர் பழத்தட்டை என் கையில் தந்து, "சம்பந்தி, சுகமா இருக்கிறியளோ?" என்றார்.