ஒரிஜினல்காரரிடம் போன ரேடியோகிராம்

ஓடாத பொருளை ஓடவைப்பவரை மெக்கானிக் என்கிறோம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பொருளை, அது ஓடும் விதம் சரியில்லை என்று நிறுத்திவைப்பவரை என்னவென்று அழைப்பது? போடிநாயக்கனூரில் அவருக்குப் பெயர் ஒரிஜினல்காரர். உங்கள் ஊரிலும் இருப்பார். பழைய கடிகாரம், பழைய ஸ்கூட்டர், பழைய கேமரா என்று ஏதாவதொன்றின் வயிற்றைப் பிளந்து வைத்துக்கொண்டு, "இதுக்கு ஒரிஜினல் பார்ட்டு கிடைக்காதுங்க" என்று பெருமூச்சு விடுவார். அந்தப் பெருமூச்சில் துயரம் பாதி, பெருமை மீதி.

போடியின் ஒரிஜினல்காரர் பாண்டித்துரை. ஏலக்காய் கமிஷன் கடை வைத்திருக்கிறார். கடையை மைத்துனர் பார்த்துக்கொள்ள, இவர் பழைய பாட்டுப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறார். பாட்டுக் கேட்பாரா? அந்தப் பழக்கம் மட்டும் கிடையாது. பெட்டியைத்தான் கேட்பார். பாடுகிறவர் உயிரைக் கொடுத்துப் பாடும் இடத்தில் கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "வலது ஸ்பீக்கர் லேசாக் கரகரங்குது" என்பார்.

இவரிடம் போய் மாட்டினாள் காளீஸ்வரி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தையல் கடை வைத்திருப்பவள். கடையில் ஒரு ஸ்டீரியோ ரேடியோகிராம் இருந்தது. நாலு கால், நடுவில் இசைத்தட்டு சுழலும் தட்டு, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், மூடினால் அலமாரி. குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது, விறகாகப் போகவிருந்ததை அவள் கணவன் ஈஸ்வரன் கேட்டு வாங்கித் தன் ஜீப்பில் இறக்கி வந்தது. ஈஸ்வரன் இறந்த பிறகு கடை போட்டவள், தையல் மிஷினுக்கு முன்பே இதைத்தான் கொண்டுவந்து வைத்தாள். பாட்டு ஓடினால்தான் அவளுக்குக் கை ஓடும். இப்போது ஊசி தேய்ந்து, பாட்டு ஒரு வரி விட்டு ஒரு வரி தாவியது.

"அண்ணே, ஊசிய மட்டும் மாத்திக் குடுத்துருங்க."

பாண்டித்துரை மூடியைத் தூக்கிப் பார்த்தார். டாக்டர்கள் நோயாளியின் சொந்தக்காரரை வெளியே அழைத்துப் பேசும் குரலில் சொன்னார்: "ஆத்தா, இது என்ன பொருள்னே தெரியாம வச்சிருக்க. ஊசிய மட்டும் மாத்துறது இதுக்குச் செய்யிற துரோகம்."

"பாட்டு ஓடுனாப் போதும்ணே."

"பாட்டு எதுலயும் ஓடும். நான் இத அன்னைக்கு எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே கொண்டாறேன். ஆயுத பூசைக்கு ஒங் கடையில இருக்கும்."

எந்த ஆயுத பூசை என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அன்று தொடங்கியது பிரிப்பு. மூடியைக் கழற்றி, தட்டைக் கழற்றி, மோட்டாரைக் கழற்றி, நன்றாக எரிந்துகொண்டிருந்த கண்ணாடிக் குழல் வால்வுகளைப் பரிசோதனைக்கென்று கொச்சிக்கு அனுப்பி அதில் ஒன்று வழியிலேயே உடைய, ஸ்பீக்கர் துணியைக் கிழித்து, திருகாணிகளை ஏலக்காய் மாதிரிச் சலித்துத் தரம் பிரித்துக் கூடம் முழுக்கப் பரப்பினார். மனைவி பொற்கொடி தன் வீட்டுக்குள்ளேயே தாண்டித் தாண்டி நடந்தாள். வாட்ஸ்அப்பில் இவரைப் போன்றவர்களுக்கு ஒரு குழு உண்டு. நூற்றுக்கணக்கான உறுப்பினர்கள், பாடுகிற பெட்டி ஒருவரிடமும் இல்லை. அங்கே ஸ்பீக்கர் துணி பழுப்பா, தேன் நிறமா என்று ஒரு மழைக்காலம் முழுக்க விவாதம் நடந்தது. முடிவு? இரண்டு பேர் குழுவை விட்டு விலகினார்கள்.

ஆயுத பூசை போயிற்று. பொங்கலும் போயிற்று. காளீஸ்வரி கேட்கும்போதெல்லாம், கண்டென்சர் ஜெர்மனியிலிருந்து வர வேண்டும் என்றார். கடையிலோ தைக்கும் பெண்கள் ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு பாட்டுப் போட்டார்கள். யார் பாட்டு ஓடுவது என்ற சண்டை முற்றி, அவர்களில் கெட்டிக்காரியான அமுதவள்ளி கோபித்துக்கொண்டு பக்கத்துச் சிலமலையில் தனிக்கடை போட்டுவிட்டாள். மறுநாளே காளீஸ்வரி ஒரு ஜீப்போடு வந்து நின்றாள்.

"எம் பொருளக் குடுங்கண்ணே."

"ஆத்தா, பாதியில எடுத்தா எப்பிடி? இப்பத்தான் அதோட ஆன்மா பிடிபட்டிருக்கு."

"எங்க கடையில ஊசி ஒடிஞ்சா ஊசிய மாத்துவோம். மிஷினப் பிரிச்சுப் போட்டு, தைக்கக் குடுத்தவகிட்ட மிஷினோட பெருமைய அளக்க மாட்டோம். அவரு எனக்குன்னு தூக்கியாந்த பொருளுண்ணே இது."

பாண்டித்துரை வாயைத் திறப்பதற்குள் பொற்கொடியே சாக்குகளை எடுத்து வந்தாள். "வெரசா அள்ளு காளீஸ்வரி. இவரு மனசு மாறுறதுக்குள்ள."

வெறும் மரக்கூடும் மூன்று சாக்கு உதிரியுமாக ஜீப் புறப்பட்டது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதுவும் உண்மைதான். ஒரிஜினல்காரரின் காதல் பொய்யில்லை. காதலிக்கப்பட்டது பிழைப்பதில்லை, அவ்வளவே.

சில வாரங்கள் கழித்துத் தையல் கடை வழியாகப் போனவர் அப்படியே நின்றார். அந்த ரேடியோகிராம் பாடிக்கொண்டிருந்தது. புத்தம்புதுப் பாலிஷில் மின்னியது. உள்ளே நுழைந்து கண்ணை மூடினார். ஓரத்தில் நீர்கூடத் துளிர்த்தது.

"கேட்டியா ஆத்தா! இதான் வால்வு செட்டோட குரலு. இந்தக் கதகதப்பு இப்ப வர்ற சாமான்ல வருமா? யாரு சரி பண்ணுனது?"

காளீஸ்வரி மூடியைத் திறந்து காட்டினாள். தட்டு இருந்த பள்ளத்தில், மாதுளம்பழ அளவில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். செல்போன் கடையில் கிடைப்பது.

தையல் மிஷின்கள் எல்லாம் நின்றன. யாரோ ஒருத்தி சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள்.

மனிதர் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? இந்த இனத்தை நீங்கள் இன்னும் அறியவில்லை. அவர் மரத்தைத் தட்டிப் பார்த்தார். "அதானே சொல்றேன். மரம் ஒரிஜினலாச்சே!" பிறகு அந்த ஸ்பீக்கரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதுல பேட்டரி ஒரிஜினல் மாதிரித் தெரியலயே. ஒரு நாள் குடு, சும்மா பாத்துட்டுத் தர்றேன்."

காளீஸ்வரி அதை அவர் கையிலிருந்து பிடுங்கி உள்ளே வைத்து மூடியைச் சாத்தினாள்.

சிரித்தீர்களா? நல்லது. ஒன்று மட்டும் உண்மையைச் சொல்லுங்கள். அருமையான ரேடியோகிராமுக்குள் புளூடூத்தை வைத்துவிட்டாளே பாவி என்று, ஒரு கணம், ஒரே ஒரு கணம், காளீஸ்வரிமேல் உங்களுக்குக் கோபம் வந்ததா? வந்தது என்றால், இனிமேல் யாராவது எதையாவது உங்களிடம் நீட்டி, "கொஞ்சம் பாருங்களேன்" என்றால், தயவுசெய்து பாருங்கள்.

பார்க்க மட்டும் செய்யுங்கள்.