பறக்கும் வீரனுக்கு நான் வாங்கிய வாய்தா

பழங்காநத்தம்,
மதுரை.
18.8.2006

அன்புள்ள மாப்பிள்ளை சிவபாண்டிக்கு மச்சான் முத்திருளன் எழுதிக்கொள்வது. என் இடது முட்டி நீங்கலாக இங்கு எல்லாரும் நலம். அங்கு நீயும் பிள்ளைகளும் முட்டி உட்பட நலமாக இருக்க அழகரை வேண்டுகிறேன்.

நீ சொன்ன மேலூர் கிரானைட் கம்பெனி ஆபீஸ் வேலைக்கு என் மகள் முத்துமீனாவை அனுப்பச் சம்மதம். திங்கட்கிழமை காலையில் நீயே வந்து அழைத்துப் போ. நம் இரண்டு வீட்டிலும் முதன்முதலாகக் கறுப்புக் கவுன் போட்ட பிள்ளையைப் பற்றி நானே இப்படி எழுதுவது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் வேறு வழி தெரியவில்லை. பங்குனியில் முதல் கேஸுக்கு எழுந்து நின்றவளுக்கு ஒரு சொல்கூட வாயில் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். அன்று வீடு திரும்பியவள், பிறகு கோர்ட்டுப் பக்கமே போகவில்லை.

சும்மா இருந்தாலும் பரவாயில்லை. கம்ப்யூட்டரில் இன்டர்நெட் வழியாக ஊர் உலகத்து ஆட்களோடு ஓர் ஆட்டம் ஆடுகிறாள். எல்லாரும் எழுதியே ஆட வேண்டுமாம். ஒருவன் பறக்கிறவன், ஒருத்தி நெருப்பைக் கக்குகிறவள், ஒருவர் நீதிபதி. நம் பிள்ளைக்கு மட்டும் ஒரு சக்தியும் கிடையாது, அவர்களுக்கு வக்கீல். வில்லனைத் துரத்தும்போது வீரர்கள் இடித்துத் தள்ளும் பாலத்துக்கெல்லாம் இவள்தான் பதில் சொல்ல வேண்டும். “இதுக்கு நீயும் பறக்குறவளாவே ஆடியிருக்கலாமேத்தா” என்று உன் அக்கா கேட்டதற்கு, “பறக்குறவனுக்கும் ஒரு வக்கீலு வேணும்மா” என்றாள்.

போன திங்கட்கிழமை வெளியூரில் தோழி கல்யாணத்துக்குப் போனவள் கம்ப்யூட்டரை அணைக்காமல் போய்விட்டாள். பறக்கும் வீரன் சிறையில் இருந்தான். நீதிபதியோ, “வக்கீல் எங்கே, வாதம் என்ன?” என்று திரையில் கேட்டபடியே இருந்தார். முப்பத்து மூன்று வருஷம் டவாலியாகக் கோர்ட்டு வாசலில் நின்று பெயர் கூப்பிட்டவன் நான். நீதிபதி கேட்டுப் பதில் வராவிட்டால் எனக்கு உடம்பு கூசும். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் அங்கே காதில் விழுந்ததுதான், அதிலும் ஒரே ஒரு வரிதான் பிழையில்லாமல் வரும். வக்கீலுக்கு உடல்நலமில்லை, வாய்தா வேண்டும் என்று ஒற்றை விரலால் தட்டினேன். கொடுத்துவிட்டார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் தட்டினேன். அதற்குள் வில்லன் பாதி நகரத்தைத் தரைமட்டமாக்கிவிட்டான், தடுக்க வேண்டியவன் என் வாய்தாவால் உள்ளேயே கிடக்கிறான். எந்தெந்த தேசத்திலிருந்தோ திட்டு வந்து குவிந்தது.

நேற்றுத் திரும்பி வந்து படித்தாள். “எப்பா! யாரக் கேட்டு வாய்தா வாங்குனீங்க? நீங்க தட்டிட்டு டீ குடிக்கப் போயிருவீங்க. உள்ள இருக்கவன் எங்க போவான்? அவனுக்கு ஒரு நாளுங்கிறது எம்புட்டுனு தெரியுமா?” என்று ஆரம்பித்தவள், அரை மணி நேரம் நின்றபடியே, ஓர் இடத்தில்கூடத் தடுமாறாமல் பேசினாள். தெருவே டிவியை அணைத்துவிட்டுக் கேட்டது. எத்தனையோ பெரிய வக்கீல்களைக் கேட்டிருக்கிறேன் மாப்பிள்ளை, இப்படியொரு வாதம் கேட்டதில்லை. திட்டு வாங்கிக்கொண்டே சந்தோஷப்பட்டேன்.

ஆனால் வீட்டில் வந்த குரல் கோர்ட்டில் வர வேண்டுமே. மறுபடி வாயடைத்து நின்றால் பிள்ளை தாங்காது, நானும் தாங்கமாட்டேன். ஆகவே கிரானைட் கம்பெனிதான் பத்திரம். தவறாமல் வந்துவிடு.

உன் பிள்ளைகளுக்கு எங்கள் ஆசீர்வாதமும், உனக்கு உன் அக்கா அழகம்மாளின் வழக்கமான அதட்டலும்.

இப்படிக்கு,
முத்திருளன்

பின்குறிப்பு: மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிடு. உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு முனியாயி வந்தாள். ஏதோ அடிதடியில் அவள் மகன் பதினொரு நாளாக உள்ளே இருக்கிறான். “அண்ணே, நேத்து உங்கள வெளுத்து வாங்குச்சே, அந்தப் பிள்ள எம் மகனுக்காக வந்து பேசுமா?” என்று கேட்டாள். முத்துமீனாவுக்கு முகம் வெளிறிவிட்டது. பிறகு கேஸ் விவரத்தை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். இப்போது பக்கத்தில் நின்று சொல்கிறாள்: “மாமாவ திங்கக்கிழமை கோர்ட்டுக்கே வரச் சொல்லுங்கப்பா. எனக்குப் பயமாத்தான் இருக்கும். பயந்தாலும் பேசி முடிச்சிட்டுத்தான் உக்காருவேன்.”