எலி பிழைத்த வைத்தியம்

ஆய்வுக்கூடத்தில் எலிகளோடு மல்லுக்கட்டும் என் மூத்த மகளுக்கு, தையல் மிஷினை ஓரங்கட்டிவிட்டு அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம். அம்மாவும் நலம், என்னோடுதான் பேச்சுவார்த்தை இல்லை.

போன மாதம் இடது கை பத்து நிமிஷம் மரத்துத் துணி நழுவியதிலிருந்து, ஸ்கேன் எடு, ஸ்கேன் எடு என்று நீயும் டாக்டரும் உயிரை வாங்குகிறீர்கள். இனி அதற்கு அவசியமில்லை. நீதானே போனில் சொன்னாய், பசிக்கும்போது வயிற்றில் ஒரு ஹார்மோன் சுரக்கிறது, மூளையில் ரத்தக்குழாய் அடைத்த எலிக்கு அதை ஊசியில் ஏற்றினால் சேதம் குறைகிறது என்று. "எலிக்குத்தாம்பா, மனுஷங்களுக்கு இன்னும் தெரியாது"ன்னு நீ இழுத்ததும் காதில் விழுந்தது, விழாத மாதிரி இருந்துகொண்டேன். ஊசி எதற்கு, பசி வீட்டிலேயே இருக்கிறதே என்று அன்றே காலைச் சாப்பாட்டை நிறுத்தினேன், மறுநாள் மதியத்தையும். ஹார்மோன் ஊறுகிறதா என்று பார்க்க வேறு கருவி ஏது, தினமும் டேப்பால் என் இடுப்பை அளந்து வாடிக்கையாளர் அளவு நோட்டிலேயே குறித்தேன். அங்கேதான் வந்தது வினை. ஒன்பதாம் நாள் பசி மயக்கத்தில் பக்கம் மாறி, நாற்பத்திரண்டு அங்குல ஹெட்மாஸ்டருக்கு என் முப்பத்தொன்றை வெட்டித் தைத்துவிட்டேன். பேண்ட்டைப் போட்டுப் பார்க்கத் திரைக்குப் பின்னால் போன மனுஷர் வெளியே வரக்காணோம்.

"டெய்லர், இது பேண்ட்டா, தலகாணி உறையா?"

"எதுவரைக்கும் வந்திருக்கு சார்?"

"தொடையோட நின்னுபோச்சுய்யா. மேலயும் வரல, கீழயும் போகல!"

என் கத்தரியாலேயே அவரை விடுதலை செய்தேன். சத்தம் கேட்டு வந்த அம்மா, "ஸ்கேனுக்குப் பயம்னு சொல்லிட்டுப் போங்களேன். எலி மேல ஏன் பழி போடுறீங்க?" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு. எனக்கா பயம்? நல்லா இருக்கே கதை! ஆகவே ஸ்கேன் வேண்டாம், நீ லீவு போட்டு வரவும் வேண்டாம்.

நீயும் உன் எலிகளும் நோய்நொடியில்லாமல் நல்ல பேர் எடுக்க வேண்டும் என்று வாழ்த்தும்,
அப்பா

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கை மறுபடி மரத்துவிட்டது. அம்மா ஒரே இழுப்பாக வண்டியில் ஏற்றிவிட்டாள். இதை ஸ்கேன் அறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால் இந்தக் கடிதத்தையே படம் பிடித்து உனக்கு அனுப்ப அம்மாவிடம் சொல்கிறேன். கடைசியாக எப்போ சாப்பிட்டீங்கன்னு நர்ஸ் கேட்டார். அம்மா முந்திக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தவள் இன்னும் நிறுத்தவில்லை. பயம்தாம்மா. எலிகளை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு வா.