நீல இறகில் வந்த மாமா

காக்காயைக் காணவில்லை.

குவாட்டர்ஸின் பின்பக்க மதில்மேல் வாழையிலை விரித்து, சோறு, பருப்பு, வடை, பாயசம் எல்லாம் படைத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் ஈர வேட்டியோடு பிரதாப் நின்றான். கொடகவெலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவன் பெக்டரி ஒபிசர். இன்று அவனுடைய அப்பாவுக்கு முதல் வருசத் திதி. காக்கா வந்து இலையைத் தொடாமல் வீட்டில் யாரும் ஒரு பருக்கை வாயில் வைக்க முடியாது.

"கா... கா..." என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அவன் தொண்டையே காக்காத் தொண்டையாகிவிட்டது.

"எப்படிங்க வரும்?" என்றாள் சமையலறை வாசலில் நின்ற மனைவி விஜயகலா. "இருந்த காக்காயெல்லாம் ஊரவிட்டே வெரட்டுனது யாரு?"

விரட்டியது அவன்தான். அதற்குக் காரணம் ஒரு குருவி. போன வருசம் ஒரு பனிக்காலைப்பொழுதில் அது இந்த மதில்மேல் வந்து உட்கார்ந்தது. உடம்பெல்லாம் அப்படியொரு நீலம், தலை செம்பழுப்பு, மூக்கும் காலும் குங்குமச் சிவப்பு. சிங்களத்தில் கெஹிபெல்லா என்பார்கள். அவன் கமராவை எடுத்துக்கொண்டு வருவதற்குள் நாலு காக்காய்கள் சேர்ந்து அதைத் துரத்திவிட்டன. அன்றிலிருந்து பிரதாப் இந்த உலகத்திலேயே இல்லை. கொழுந்து வாட்டும் இடத்தில் நின்றால்கூட அவன் கண்ணுக்குள் நீலமாக ஏதோ பறந்தது. பழைய சீடிகளைக் கொய்யாமரத்தில் கட்டித் தொங்கவிட்டான், தகரம் தட்டினான். ஒருவழியாகக் காக்காய்கள் ஒழிந்தன. ஆனால் கெஹிபெல்லாவும் வரவில்லை.

"இங்க பாருங்க," என்றாள் விஜயகலா. "உச்சிக்குள்ள ஒரு காக்கா வந்து சோறு எடுக்கணும். எடுக்கலன்னா, உங்க படம் புடிக்கிற கூத்து மாமாவுக்கே புடிக்கலன்னுதான் அர்த்தம். அந்தக் கமராவ எம்பிலிப்பிட்டியவுல இருக்கிற என் தம்பி சசிக்குக் குடுத்தனுப்பிருவேன். அவன் கல்யாண வீட்டுலயாவது படம் புடிச்சிக்குவான்."

தன்னுடைய கமரா காலம் முழுக்க மாப்பிள்ளை பொண்ணுக்குக் கேக் ஊட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பிரதாப்பால் நினைக்கவே முடியவில்லை.

"டேய் பிரதாப்பு," என்று நாற்காலியிலிருந்து முனகினார் பெரியப்பா நாகலிங்கம். "எனக்கு சீனி வருத்தம்டா. பசியில கண்ணு ரெண்டும் இருட்டுது. ஏதாவது செய்யி."

செய்தான். முதலில் சீடிகளை அவிழ்க்கக் கொய்யாமரத்தில் ஏறினான். மரத்தில் குடியிருந்த முசுறு எறும்புகள் வேட்டிக்குள் புகுந்தன. அவன் கிளையைப் பிடித்துக்கொண்டு போட்ட ஆட்டத்தில் சீடியெல்லாம் மின்னலடிக்க, தூரத்தில் வந்துகொண்டிருந்த ஒற்றைக் காக்கா அப்படியே திரும்பிப் போய்விட்டது.

"வந்ததையும் வெரட்டிட்டியேடா!" என்றார் பெரியப்பா.

அடுத்து, காக்காச் சத்தத்தைப் போனில் போட்டால் கூட்டமே வரும் என்று தோன்றியது. ஸ்பீக்கரை மதில்மேல் வைத்தான். பதற்றத்தில் விரல் தவறி, காக்காய்களை விரட்டுவதற்காகவே இறக்கி வைத்திருந்த சத்தத்தில் பட்டுவிட்டது. பருந்திடம் மாட்டிக்கொண்ட காக்கா ஒன்று உயிர்போகிற மாதிரி அலறியது. பெக்டரிக் கூரையில் அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்த இரண்டு காக்காய்களும் எழும்பி மலைக்கு அந்தப்பக்கம் போயின. தொழிலாளர் லயத்து நாய்களெல்லாம் சேர்ந்து ஊளையிட்டன.

"திதி வீடு மாதிரியா இருக்கு இது?" என்று விஜயகலா தலையில் அடித்துக்கொண்டாள்.

காக்கா இலையைத் தேடி வராவிட்டால் இலை காக்காயைத் தேடிப் போகவேண்டியதுதான். இலையை ஒரு தட்டில் வைத்து, பெக்டரிச் சாரதியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, கொடகவெல பஜாருக்கே போய்விட்டான். அங்கே ஹஸீபின் மீன்கடைக்குப் பின்னால் காக்காய்கள் கல்யாணக் கூட்டம்போல் நின்றன. பிரதாப் இலையைக் கீழே வைத்துக் கும்பிட்டான். ஒன்று வந்தது. வடையை ஒரு பார்வை பார்த்தது. பிறகு பலயா மீன் தலைக்கே திரும்பிப் போய்விட்டது.

ஹஸீபுக்கு மனசு கேட்கவில்லை. "அண்ணே, சோத்துமேல ஒரு மீன் தலைய வச்சுத் தரவா? ஒடனே வந்துரும்."

"ஐயோ, வேணாம்ப்பா! எங்கப்பா சுத்த சைவம்!"

திரும்பி வந்தபோது சட்டையில் பாயசம், உடம்பில் மீன்நாற்றம். விஜயகலா வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"திரும்பக் குளிச்சிட்டு வாங்க. வேற இலை போடுறேன். இதுதான் கடைசி."

தலையில் தண்ணீர் சொட்டச் சொட்ட அவன் மறுபடியும் மதிலருகே வந்து நின்றபோது, மலையிலிருந்து மூடுபனி மெதுவாக இறங்கியது. தேயிலைச் செடிகள் ஒவ்வொரு வரிசையாக மறைந்தன. பெக்டரிச் சத்தம்கூட எங்கேயோ தூரத்தில் கேட்டது. நாய்கள் அடங்கின. கொய்யா இலையிலிருந்து சொட்டு சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பிரதாப் கண்ணை மூடி, கமராவுக்கு மனசுக்குள் விடைகொடுத்தான். "அப்பா, நான் செஞ்சது தப்புதான்," என்று முணுமுணுத்தான்.

கண்ணைத் திறந்தபோது அது வந்திருந்தது.

வெள்ளைப் பனிக்குள் அந்த நீலம் ஒன்றுதான் நிறமாக இருந்தது. நீண்ட வாலில் ஓர் இறகு ஒடிந்து தொங்க, கெஹிபெல்லா இலையோரத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்தது. கமரா வீட்டுக்குள் அலமாரியில் இருந்தது. கும்பிட்ட கையை அவன் எடுக்கவில்லை. எடுக்கத் தோன்றவும் இல்லை. கமராக் கண்ணாடி வழியாக இல்லாமல், வெறும் கண்ணால் இவ்வளவு அழகை இவ்வளவு பக்கத்தில் அவன் பார்த்ததே கிடையாது. சந்தோசத்தில் கண் நிறைந்தது. குருவி குனிந்து வடையைக் கொத்தியது.

"இது காக்கா இல்லியேடா," என்று கிசுகிசுத்தார் பெரியப்பா.

"இதுவும் காக்கா குடும்பம்தான் பெரியப்பா. புத்தகத்துலயே போட்டிருக்கு."

பசி பெரியப்பாவை உடனே ஒத்துக்கொள்ள வைத்தது. "அப்பன்னா சரி. கறுப்போ நீலமோ, நம்ம வீட்டுல செத்துப்போன பெரியவங்கள்ல ஒருத்தர்தான் வந்திருக்கணும். சோத்தப் போடு தாயி!"

விஜயகலா சோற்றைப் போடவில்லை. மதிலருகே வந்து கைகூப்பி நின்றாள். அவளுக்கும் கண்ணீர் வழிந்தது.

"மாமா! வந்துட்டீங்களா மாமா! இந்த வீட்டுல எனக்காகப் பேசுனது நீங்க ஒருத்தர்தானே! நான் வச்ச ரசத்த அத்த கழனித்தண்ணின்னு சொன்னப்ப, ரெண்டு தடவ வாங்கிக் குடிச்சீங்களே மாமா!"

குருவி தலையைச் சாய்த்துக் கேட்டது.

"செத்தவங்களப் பத்திப் பேசக்கூடாது. இருந்தாலும் சொல்றேன். உங்க சம்சாரத்துக்கு அது வாயில்ல மாமா, அரிவாள். அந்தக் கோவத்துலதான், அத்த போனதுக்குப் பொறவு அவங்க கூறைச்சேலைய வெட்டித் தலகாணி ஒற தச்சேன்."

குருவி சிறகை விரித்துக்கொண்டு ஒரு கத்துக் கத்தியது. பெரியப்பாவே திடுக்கிட்டுவிட்டார்.

"பாத்தீங்களா, மாமாவுக்கே அத்தமேல எவ்வளவு கோவம் வருதுன்னு!" என்றாள் விஜயகலா பூரிப்போடு, இன்னொரு வடையை எடுத்து வைத்துக்கொண்டே. "அழாதீங்க மாமா. உங்க மகன் கமராவ வச்சுக்கட்டும். நான் இனி ஒரு வார்த்த பேசமாட்டேன். நீங்க மட்டும் தெனமும் வாங்க. அத்தயப் பத்திச் சொல்றதுக்கு இன்னும் நெறைய இருக்கு."

கமரா பிழைத்தது. பிரதாப்புக்கு அந்தப் பனியிலேயே மிதப்பதுபோல் இருந்தது. பெரியப்பா இலை போட இடம் பார்த்துவிட்டார்.

அந்நேரம் பார்த்து, காட்டோரத்துக் குவாட்டர்ஸில் இருக்கும் டிலானி பாயசம் வாங்கக் கிண்ணத்தோடு வந்தாள். மதிலைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது.

"அட, இவ இங்கயா இருக்கா? வால் ஒடிஞ்ச இந்தப் பொட்டக்குருவிதான்கா, எங்க ஜன்னலுக்கு நேரா மரத்துல முட்ட போட்டு அடகாக்குது!"