ஏழு முதல் ஒன்பது வரை

அழைப்பு மணி அடித்தபோது வேதாந்தம் அன்றைய முதல் டம்ளரை வாயருகே கொண்டு போயிருந்தார். மணி ஏழு பத்து. டில்லி ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸின் இரண்டாம் மாடியில் இந்த நேரத்துக்கு அவரைத் தேடி யாரும் வருவதில்லை. வரக்கூடாது என்பது பதினைந்து வருஷத்து ஏற்பாடு.

"லீலா, யாருன்னு பாரு."

"கையெல்லாம் மாவு. நீங்களே பாருங்கோ" என்று சமையலறையிலிருந்து மனைவி லீலாவதியின் பதில் வந்தது.

டம்ளரை எங்கே ஒளிப்பது? டி.வி.க்குப் பின்னால் ஒரே வயர். அலமாரி பூட்டியிருந்தது. மணி மறுபடி அடித்தது. ஜன்னலோரத்து மணி பிளான்ட் தொட்டியில் டம்ளரைக் கவிழ்த்துவிட்டு, ஓர் ஏலக்காயைக் கடித்துக்கொண்டு கதவைத் திறந்தார்.

எதிர் பிளாக் அந்தோணி நின்றிருந்தார். தூத்துக்குடிக்காரர், நாற்பது வயது, ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசர். முகம் வாடிக் கிடந்தது.

"சார், நீங்கதான் என்னைக் காப்பாத்தணும்."

"என்னய்யா ஆச்சு?"

"குடி சார். விட முடியல. தனியா முயற்சி பண்ணாத, உறுதியான ஆள் ஒருத்தரைத் துணைக்குப் பிடின்னு டாக்டர் சொல்லிட்டாரு. யோசிச்சுப் பாத்தேன். நம்ம செக்டார்ல உறுதியான ஆளுன்னா நீங்கதான் சார்."

வேதாந்தத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. ரம் என்று யாராவது நினைத்தால் தப்பு. 'நீங்கதான் சார்' என்ற இரண்டு வார்த்தைதான் அது. அமைச்சகத்தில் செக்ஷன் ஆபீசரான அவர், அந்த இரண்டு வார்த்தைக்காக எத்தனையோ பிரிவுபசாரக் கூட்டங்களில் பேசியிருக்கிறார். மலை மந்திர் முருகன் கோவிலில் தைப்பூசக் கூட்டத்தை வெயிலில் நின்று வரிசைப்படுத்தியிருக்கிறார்.

"உள்ள வாங்க" என்றார். "விடறதுங்கறது ஒண்ணுமே இல்லை. மனசு வச்சா போதும். நான்கூட சாயங்காலம் ஒண்ணு ரெண்டு எடுத்துப்பேன். வேண்டாம்னு நினைச்சா நாளைக்கே வேண்டாம்தான்."

"அப்ப எனக்காக நீங்களும் நிறுத்துவீங்களா சார்? நீங்க கம்பெனி குடுத்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"இதென்ன பிரமாதம்! இந்த நிமிஷமே நிறுத்தியாச்சு."

கரண்டிச் சத்தம் மறுபடி கேட்டது.

அந்தோணியை அனுப்பிவிட்டு, கடைசியாக ஒரே ஒரு டம்ளர் போட்டுவிட்டு நிறுத்தலாம் என்பது அவர் திட்டம். அந்தோணிதான் போகவில்லை. "ஏழுலேருந்து ஒம்பது வரைதான் சார் எனக்கு ஆபத்தான நேரம்" என்று சொல்லி, நாலு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு ஒன்பது ஐந்துக்கு எழுந்தார். அதற்குள் வேதாந்தமும் ஐந்து சப்பாத்தி சாப்பிட்டிருந்தார். வயிற்றில் இடமில்லை.

மறுநாள் ஏழு மணிக்கு அந்தோணி மறுபடி வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார்.

"சும்மா உக்காந்திருக்கறதுதான் தப்பு" என்று மூன்றாம் நாள் வேதாந்தம் தீர்மானமாகச் சொன்னார். உள்ளங்கை வேர்த்திருந்தது, செப்டம்பர் புழுக்கம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். "மனசுக்குப் புதுசா ஏதாவது வேணும். வாங்க, நடப்போம்."

நடந்தார்கள். மார்க்கெட்டைச் சுற்றிக்கொண்டு போவதுதான் நல்ல காற்று என்று வேதாந்தம் சொன்னார். கால்கள் தானாகத் திரும்பின. நின்றபோது எதிரே சாராயக் கடை. டில்லியில் அதற்கு டேக்கா என்று பெயர்.

"ஆயியே சாப்!" என்று கடைக்காரர் கம்பிக்குள்ளிருந்து கை ஆட்டினார். "தீன் தின் சே தர்ஷன் நஹீ ஹுவா! தபியத் டீக் ஹை?"

மூன்று நாளாகக் காணோமே, உடம்புக்கு என்ன என்று ஒரு கடைக்காரன் விசாரிக்கிறான். வேதாந்தம் ஆகாயத்தைப் பார்த்தார்.

"வேற யாரையோ நினைச்சுண்டு கேக்கறான்."

"மதராசிங்க எல்லாரும் அவங்களுக்கு ஒரே மாதிரிதான சார்" என்றார் அந்தோணி.

நடப்பது ஆபத்து என்று தெரிந்துபோனது. வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடிய காரியமாக இருக்கவேண்டும். வேதாந்தம் மிருதங்கம் என்று முடிவு செய்தார். அவர் செக்ஷனிலேயே ஒரு மேல்நிலை எழுத்தர் மிருதங்கம் வாசிப்பவர்; வாரம் மூன்று நாள் வந்து சொல்லிக்கொடுக்க ஒப்புக்கொண்டார்.

முதல் பாடத்தன்று வேதாந்தத்தின் விரல்கள் லேசாக நடுங்கின. ஒரு தட்டுக்கு நாலு தட்டு விழுந்தது.

"பேஷ்!" என்றார் வாத்தியார். "முதல் நாளே இவ்வளவு வேகமா! பத்து வருஷம் சாதகம் பண்ணினாலும் சிலருக்கு இது வராது."

"சின்ன வயசுலேருந்தே எனக்குத் தாள ஞானம் உண்டு" என்றார் வேதாந்தம்.

இரண்டு வாரத்தில் நடுக்கம் நின்றது. தாளமும் அத்தோடு போய்விட்டது. இருந்தாலும் அவரும் அந்தோணியும் விடாமல் தட்டினார்கள். சத்தம் பொறுக்காமல் கீழ் வீட்டு ஜம்புநாதன் படியேறி வந்தார். விமானப் படையிலிருந்து ஓய்வு பெற்ற சார்ஜென்ட். ஆறடி உயரம், இரும்பு மீசை. சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று வேதாந்தம் எழுந்து நின்றார். ஜம்பு உள்ளே எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். பிறகு சோபாவில் பொத்தென்று உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னையும் சேத்துக்கோங்கோ சார். நானும் அந்தக் கேஸ்தான்."

"ஒரு நாளைக்கு எவ்வளவு போகும்?"

ஜம்பு யோசித்தார். "ரெண்டு லிட்டர்."

வேதாந்தம் ஆடிப்போய்விட்டார். பதினைந்து வருஷத்தில் அவர் கனவில்கூட அந்த அளவை எட்டியதில்லை. ராணுவம் ராணுவம்தான்!

செய்தி பரவியது. அடுத்த வாரமே நாலாவதாக சந்திரசேகர் வந்து சேர்ந்தார். அதே அமைச்சகத்தில் மொழிபெயர்ப்பாளர், ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. "எனக்கு மனசுல ஒரு துக்கம். அதனால குடிக்கறேன்" என்று மட்டும் சொன்னார். என்ன துக்கம் என்று கேட்டபோது, மொழிபெயர்ப்புதான் என்றார்.

இப்படியாகத் தினமும் ஏழு முதல் ஒன்பது வரை நாலு பேரும் வேதாந்தம் வீட்டில் கூடினார்கள். வேதாந்தம்தான் தலைவர். யாருக்கு மனசு தடுமாறினாலும் உடனே தலைவருக்கு போன் செய்யவேண்டும் என்று விதி போட்டார். ஆச்சரியம் என்னவென்றால், அவருக்கே நாக்கு வறண்டு, 'இன்னிக்கு ஒரே ஒரு சொட்டு' என்று மனசு கெஞ்சுகிற நேரமாகப் பார்த்து மூன்று பேரில் ஒருவர் போன் செய்துவிடுவார்.

"சார், தாங்க முடியல!"

"தைரியமா இருங்கோ! தண்ணி குடிங்கோ! இதோ வரேன்!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவார். ஓடிப்போய் ஒருவனைத் தேற்றிவிட்டுத் திரும்பும்போது தன் தாகம் எங்கே போனதென்று அவருக்கே தெரியாது.

நவம்பரில் ஒரு சாயங்காலம் பெங்களூரிலிருந்து மகள் ஜ்யோத்ஸ்னா போன் செய்தாள். அவள் எப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கூப்பிடுவாள். எட்டரை மணிக்கு அப்பாவோடு அரை மணி நேரம் பேசினாள். போனை வைக்கும்போது, "அப்பா, உன் குரல் சாயங்காலத்துல இப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது" என்றாள். வேதாந்தம் வெகு நேரம் மிருதங்கத்தைத் தொடவில்லை. அன்று லீலாவதியோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் ரசத்தில் வெல்லம் போடுவாள் என்பதை அன்றுதான் கவனித்தார்.

"எத்தனை நாளா வெல்லம் போடறே?"

"கல்யாணம் ஆன நாளா" என்றாள் லீலாவதி.

டிசம்பரில் குளிர் இறங்கியதும் சோதனை வந்தது. மிருதங்கத்தை எதிர் வீடு, மேல் வீடு, பக்கத்து சர்தார்ஜி வீடு எல்லாம் சேர்ந்து கைவிடச் சொன்னதால், கேக் செய்யக் கற்றுக்கொள்வது என்று தீர்மானமாயிற்று. கிறிஸ்துமஸ் வருகிறது; அந்தோணி வீட்டில் பெரிய ஓவன் இருக்கிறது.

சமையல் குறிப்பைப் படித்துக்கொண்டே வந்த சந்திரசேகர் ஓரிடத்தில் நிறுத்தினார். "அரைக்கிலோ உலர் திராட்சையை ரம்மில் மூன்று வாரம் ஊற வைக்கவும்."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆரஞ்சுச் சாறு ஊத்தலாமே" என்றார் ஜம்பு.

"கூடாது" என்றார் வேதாந்தம். "எதிரியைப் பாத்து ஓடறவன் வீரனா? பக்கத்துல வச்சுண்டு தொடாம இருக்கணும். அதுதான் பரீட்சை. திராட்சை என் பொறுப்பு."

"சார், வேண்டாம் சார்" என்றார் அந்தோணி. நிஜமாகவே பயந்துவிட்டதுபோல் இருந்தது.

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

பால்கனியில் குளிர்காலத்துக்காக மூடிக் கிடந்த ஏர் கூலருக்குள் வேதாந்தம் என்றைக்கோ பதுக்கி வைத்த பாட்டில் ஒன்று இருந்தது. அதைக் கண்ணாடி ஜாடியில் திராட்சையின் மேல் ஊற்றினார். மிச்சத்தை, பார்த்துக்கொண்டே, வாஷ்பேசினில் கொட்டினார். அந்த வீரம் அவருக்கே பிடித்திருந்தது.

பத்து நாள் ஜாடியைத் தொடவில்லை. பதினோராம் நாள், ஊறியிருக்கிறதா என்று பார்க்க ஒரே ஒரு திராட்சையை எடுத்து வாயில் போட்டார். ஒன்றை வைத்து எப்படி முடிவுக்கு வருவது? இன்னொன்று. பிறகு ஒரு ஸ்பூன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லீலாவதி கோவிலுக்குப் போய்த் திரும்பியபோது, ஜாடியில் பத்துப் பன்னிரண்டு திராட்சைதான் அடியில் கிடந்தது. வேதாந்தம் கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஜாடியைக் கழுவி வைத்தாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

அன்று ஏழு மணிக்குக் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார். எத்தனையோ பிரிவுபசாரக் கூட்டங்களில் பேசியவர், அன்று அழுதுகொண்டே பேசினார்.

"தலைவர் பதவிக்கு நான் லாயக்கில்லை. திராட்சை முழுக்கத் தின்னுட்டேன். எப்ப வேணும்னாலும் விட்டுடுவேன்னு சொன்னேனே, அது பொய். எனக்கு இது வியாதி. உங்க மூணு பேருக்கும் இருக்கற அதே வியாதி."

ஜம்புவின் மீசை துடித்தது. முதலில் அந்தோணிதான் எழுந்தார்.

"நேத்து நானும் ஒரு பிடி அள்ளினேன் சார்."

"நானும்" என்றார் ஜம்பு.

"நான் ஜூஸையே குடிச்சேன்" என்றார் சந்திரசேகர்.

வேதாந்தத்துக்கு அழுகை நின்று கோபம் வந்தது. "மூணு பேருமா! ஒருத்தருக்காவது கட்டுப்பாடு வேண்டாமா?" என்று அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். திட்டி முடித்தபோது பழைய தெம்பு வந்திருந்தது. அதில் ஒரு புதுசும் இருந்தது. அன்றிலிருந்து அவர், 'எனக்கு வேண்டாம்' என்பதை மற்றவர்களுக்காகச் சொல்லவில்லை.

கேக் ஆரஞ்சுச் சாற்றில்தான் ஆயிற்று. நடுவில் குழி விழுந்திருந்தாலும் நன்றாகவே இருந்தது.

குடியரசு தினத்தன்று, திராட்சைக்கு அப்புறம் நாற்பது நாள் ஆகியிருந்தது. ஜம்பு வீட்டில் விருந்து. குடும்பத்தோடு எல்லாரும் வந்திருந்தார்கள். போபாலிலிருந்து அன்று காலைதான் வந்திறங்கிய ஜம்புவின் தங்கை ராஜம் ஓடி ஓடிப் பரிமாறினாள். வேதாந்தத்தைப் பேசச் சொன்னார்கள். பேசினார். தான் விழுந்ததை மறைக்காமல் சொன்னார். கைகள் நடுங்கியதைச் சொன்னார். பிறகு, "ஒரு மனுஷன் தனியா எழுந்திருக்க முடியாது. இந்த மூணு பேரையும் நான் தூக்கி விட்டேன், தூக்கின கையைப் பிடிச்சுண்டு நானும் எழுந்துட்டேன்" என்றார். அந்தோணி தலையைக் குனிந்துகொண்டார். லீலாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டல் ஓய நேரமாயிற்று.

காப்பி கொண்டுவந்த ராஜம், டம்ளரை அவர் கையில் கொடுத்துவிட்டு, யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ரகசியமாகக் குனிந்தாள்.

"அண்ணா போன்லயே எல்லாம் சொல்லிட்டான் மாமா, நாலு பேர்ல ஒருத்தர்தான் நிஜமாவே குடிக்கறவர், மத்த மூணு பேரும் அவர் ஆத்து மாமி கேட்டுண்டதுக்காக நடிக்கறேள்னு, ஆனா மூணு பேர்லயும் உங்க நடிப்புதான் மாமா பிரமாதம்!"