நாடியண்ணனும் தொண்ணூறு புளியங்கொட்டையும்

பிள்ளைகளே, ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களிலேயே கடிகாரத்தோடு பகை வளர்த்த ஒரே மனிதர் எங்கள் நாடியண்ணன்தான். நீங்கள் பிறப்பதற்கு முந்திய கதை இது. தேயிலை ஆலையை ஸ்டோர் என்போம்; அங்கே அரைத்த கொழுந்தைத் தரையில் பரப்பி, நிறம் மாறியதும் அடுப்புக்கு அனுப்புவது அவர் வேலை. அதை அள்ளிக்கொண்டு போவது என் வேலை.

எவ்வளவு நேரம் விடுவது? இரண்டு மணி நேரம் என்று கணக்கு; சுவரில் கடிகாரமும் இருந்தது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கமாட்டார்.

"யாரோ சாவி குடுத்தா ஓடுறத எப்புடி நம்புறது? என் நெஞ்சுக்கு யாரு சாவி குடுக்குறா?"

மணிக்கட்டில் விரல் வைத்து நூறு துடிப்பு எண்ணுவார். ஒரு புளியங்கொட்டை வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும். தொண்ணூறு கொட்டை போனால் கொழுந்து தயார். நடுவில் சௌக்கியம் விசாரித்தால் "அறுபத்தேழு" என்பார். மனைவி சோறு கொண்டுவரவும் தடை. அவள் சண்டை போட்டால் மூன்று கொட்டை சீக்கிரமே ஓடிவிடுமாம். அப்போதாவது எங்களுக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒருநாள் கொழும்பில் தேயிலை வாங்குகிறவர்களிடமிருந்து கடிதம் வந்தது. காலைத் தூள் கறுத்துப் போகிறது, பின்னேரத் தூளில் பச்சை வாடை அடிக்கிறது என்று. ஸ்டோருக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா அண்ணனைக் கூப்பிட்டார். நாளைக்கு அவர் எண்ணிக்கை கடிகாரத்தோடு ஒத்துப்போகாவிட்டால், மலைக்கு மாற்றிவிடுவாராம். மலை என்றால் மழை, மண்வெட்டி, அட்டைக்கடி. அண்ணனுக்கோ படி ஏறினாலே முழங்கால் முனகும்.

நெஞ்சுத் துடிப்பைப் பற்றிக் கேட்கத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டிஸ்பென்சர் ஐயா பொறுமையாகத்தான் சொன்னார். நெஞ்சுக்குள்ளேயே கரண்டு பிறக்கிறதாம். மூளையிலிருந்து வரும் ஒரு நரம்பு அதை விரட்டுமாம், இன்னொன்று இழுத்துப் பிடிக்குமாம். தூக்கத்தில் பிடிக்கிறவன் கை ஓங்கும், பகலில் விரட்டுகிறவன் கை; அதனால் காலையில் துடிப்பு மெதுவாம், பின்னேரம் வேகமாம். நாங்கள் குடியிருந்த லயத்துக்கே வராத கரண்டு நெஞ்சுக்குள் எப்படி வந்தது என்று நான் குழம்பிப்போனேன்.

"அப்ப என் நெஞ்சு பொய் சொல்லுதுங்களா?" என்றார் அண்ணன்.

"பொய் சொல்லலப்பா. பயப்படுது."

திரும்பும் வழியெல்லாம் யோசித்தவர், ஸ்டோர் வாசலில் நின்றார்.

"நாளைக்கு உன் கையக் குடு தம்பி. வேலை போறது எனக்கு. நீ எதுக்குப் பயப்படப்போற?"

மறுநாள் டீமேக்கர் ஐயா கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். நான் மூச்சைக்கூட அடக்கி நின்றேன். தொண்ணூறாவது கொட்டை இடம் மாறியபோது கொழுந்து பச்சையாகவே கிடந்தது. கடிகாரத்தில் இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

ஐயா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அண்ணன் என்னை இதற்கு முன் பார்த்தே இராதவர்போலப் பார்த்தார்.

"மலைக்குப் போறது நானு. ஒனக்கு ஏன்டா இப்புடி ஓடுச்சு?"



அவர் மண்வெட்டியோடு மலையேறிய அன்று, எல்லோரும் சாப்பிடப் போனபின், அவர் ஜன்னலில் விட்டுப்போன கொட்டைகளை என் வலது பையில் போட்டேன். கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி நின்று, மணிக்கட்டில் விரல் வைத்து நூறு வரை எண்ணினேன். ஒரு கொட்டையை இடது பைக்கு மாற்றினேன்.